கொழும்பு மழையில் நின்று பிடிக்கும் கணினி: வெளிக்களத் தரவுக்கு எட்ஜ் கருவி தெரிவு செய்ய முழு வழிகாட்டி

போன மழைக்காலம் முடிந்த கையோடு, வெள்ளவத்தைக் கால்வாய்ப் பக்கம் நாங்கள் பூட்டியிருந்த பெட்டியொன்றைத் திறந்தேன். மூடியின் உட்புறம் முழுக்க வியர்த்திருந்தது. சென்சார் வயர் வந்து சேரும் இணைப்பானில் நாலு ஊசி. அதில் இரண்டு பச்சை பிடித்து, விரல் பட்டதும் பொடியாய் உதிர்ந்தது. பலகைக்கும் பெட்டிச் சுவருக்கும் இடையில் இரண்டு பல்லி முட்டை. கணினிப் பலகை மட்டும் புதிது போலவே இருந்தது. கரண்ட் கொடுத்ததும் உடனே எழும்பியது. ஆனால் ஐந்து கிழமையாக ஒரு நீர்மட்டம்கூட அதிலிருந்து வரவில்லை.

அந்தப் பலகையைத் தெரிவு செய்ய எத்தனையோ இரவு இருந்து படித்திருந்தோம். இணைப்பானைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. அதனால்தான் இந்த வழிகாட்டியில் பலகை நாலாவது படியில் வருகிறது. முதல் மூன்றும் சரியாக அமைந்தால் எந்தப் பலகை வேண்டும் என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும். அதில் மிச்சம் பிடிக்கும் காசைப் பற்றரிக்கும் பெட்டிக்கும் இணைப்பானுக்கும் போடுங்கள் என்பதுதான் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது.

எட்ஜ் கருவி என்றால், தரவு பிறக்கும் இடத்திலேயே இருந்து அதைக் கணித்து, வேண்டியதை மட்டும் அனுப்பும் சின்னக் கணினி. கால்வாய் நீர்மட்டத்தை உதாரணமாக வைத்துச் சொல்கிறேன். கொழும்பு 2018 இல் ராம்சார் என்னும் சர்வதேச ஈரநில ஒப்பந்தத்தின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்ற ஊர். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கத்து வீடுகள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றதையும் பார்த்தோம். காற்றின் தரம், வாகன எண்ணிக்கை, ஈரநிலத்துப் பறவைகளின் சத்தம் என்று நீங்கள் எதை அளந்தாலும் படிகள் இவைதான்.

1. முதலில் ஒரு தாள்

கடைக்குப் போக முன் ஒரு தாளில் எழுதுங்கள்: எதை அளக்கிறோம், எவ்வளவு துல்லியம் வேண்டும், எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை, அந்த எண் எவ்வளவு நேரத்துக்குள் யார் கையில் கிடைக்க வேண்டும். கடைசிக் கேள்விதான் செலவைத் தீர்மானிக்கும். வெள்ள எச்சரிக்கை என்றால் ஐந்து நிமிடத்துக்குள் ஒருவருடைய போனில் மணி அடிக்க வேண்டும். ஆய்வுக்கு என்றால் மாதம் ஒரு தடவை போய் மெமரி கார்ட்டைக் கழற்றி வந்தால் போதும், மோடமே தேவையில்லை.

அலகையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள். களனி கங்கைக்கு நாகலகம் வீதியில் உள்ள அளவுகோலின் வாசிப்பு அடியில் வரும். ஆற்றின் மேற்பகுதி நிலையங்களுடையது மீற்றரில் வரும். உங்கள் எண் எந்த அலகு, அதன் சுழியம் எங்கே இருக்கிறது என்று எழுதாமல் விட்டால் பிறகு அதை வேறு எதோடும் ஒப்பிட முடியாது.

இன்னொன்றையும் யோசியுங்கள். அந்த இடத்துக்கு எப்படியும் ஒரு ஆள் போய் வருகிறாரா? அப்படியென்றால் கருவியே வேண்டாம். ஓடிகே கலெக்ட், கோபோ டூல்பாக்ஸ் போன்ற செயலிகள் சாதாரண ஆண்ட்ராய்டு போனில் இணையம் இல்லாமலே படிவம் நிரப்பி, சிக்னல் கிடைக்கும்போது அனுப்பிவிடும். ஒரே படிவத்தைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் வைக்கலாம். வீடு வீடாகப் போய்த் தகவல் சேர்ப்பவருக்கு இதைவிட நல்ல எட்ஜ் கருவி கிடையாது.

2. இடத்தை இரண்டு தரம் போய்ப் பாருங்கள்

ஒரு தரம் மத்தியானம் 12 மணி வெயிலில், ஒரு தரம் அடைமழையில். வெயிலில் போனால் பெட்டி எந்தப் பக்கம் வேகும் என்று தெரியும். மழையில் போனால் பாலத்தின் எந்த விளிம்பில் தண்ணீர் ஒழுகுகிறது, கால்வாய் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று தெரியும். கையில் மூன்று நிறுவனத்து சிம்மும் ஒரு பழைய போனும் கொண்டு போங்கள். பெட்டி வைக்கப்போகும் அதே இடத்தில் வைத்து ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் கோப்பை அனுப்பிப் பாருங்கள். வீதியில் நின்றால் முழு சிக்னல் காட்டும் போன், பாலத்துக்குக் கீழே இறங்கியதும் ஒன்றும் காட்டாது.

அனுமதியையும் இந்தப் படியிலேயே தொடங்குங்கள். கால்வாய்கள் இலங்கை காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் பராமரிப்பில் இருக்கின்றன. பெரிய வீதிகளின் பாலம் என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை, ஊருக்குள் என்றால் கொழும்பு மாநகர சபை. கடிதம் நகரும் வேகத்துக்குள் நீங்கள் கருவியை மேசையில் வைத்துச் சோதித்தே முடித்துவிடலாம்.

3. சென்சார்

நீர்மட்டத்துக்கு எல்லோரும் முதலில் வாங்குவது மலிவான அல்ட்ராசோனிக் சென்சாரைத்தான். தவறில்லை, ஆனால் அதன் குணம் தெரிந்து வாங்க வேண்டும். அது ஒலி போய்த் திரும்பும் நேரத்தை அளக்கிறது. ஒலியின் வேகமோ காற்றின் வெப்பத்தோடு மாறும்: 25 பாகையில் விநாடிக்கு ஏறத்தாழ 346 மீற்றர், 35 பாகையில் 352. மூன்று மீற்றர் கீழே உள்ள தண்ணீருக்கு இந்த வித்தியாசம் ஐந்து சென்ரிமீற்றர் பிழையாக வரும். ஒவ்வொரு மத்தியானமும் கால்வாய் கொஞ்சம் ஏறி இறங்குவது போல வரைபடம் காட்டினால், தண்ணீரைச் சந்தேகிக்க முன் இதைச் சந்தேகியுங்கள். நிழலில் ஒரு வெப்பமானியைச் சேர்த்துக் கணக்கில் திருத்தினால் தீர்ந்துவிடும்.

இரண்டாவது விடயம் குருட்டு வலயம். இந்த வகைச் சென்சார் முகத்துக்கு மிகக் கிட்ட உள்ளதைப் பார்க்காது. சாதாரண மாதிரிகளில் அது 20, 25 சென்ரிமீற்றர். வெள்ளம் உச்சத்துக்கு ஏறிச் சென்சாருக்கு ஒரு சாண் தூரத்தில் வரும்போதுதான் எண் குழம்பும். உங்களுக்கு அந்த எண் மிகவும் தேவைப்படும் நேரமும் அதுதான். ஆகவே எதிர்பார்க்கும் உச்சத்துக்கு மேலே குறைந்தது அரை மீற்றர் விட்டுப் பூட்டுங்கள். ஆகாயத்தாமரை மிதந்து வரும் இடமென்றால் சென்சார் இலையைத்தான் அளக்கும். அங்கே தண்ணீருக்குள் இறக்கும் அழுத்தச் சென்சார் நல்லது. மாதம் ஒரு தரம் சேறு கழுவ ஆள் வேண்டும். காசு இருந்தால் ரேடார் சென்சார். காற்றின் வெப்பம் அதை அசைக்காது.

சென்சாருக்கும் பெட்டிக்கும் இடையே வயர் நீளமாகப் போகிறது என்றால், நீள வயரிலும் சிக்னல் கெடாத ஆர்எஸ்485 வகை இணைப்பு உள்ளதை வாங்குங்கள்.

4. இப்போது பலகை

கணக்கு ஒன்றைப் பார்ப்போம். ஒரு வாசிப்பு 60 பைட். ஐந்து நிமிடத்துக்கு ஒன்றென்றால் நாளுக்கு 288 வாசிப்பு, எல்லாமாக 17 கிலோபைட். இதற்கு ஈஎஸ்பி32 போன்ற மைக்ரோகன்ட்ரோலர், அதாவது ஒரே சிப்பில் அடங்கும் குட்டிக் கணினி, தாராளம். பெரிய இயங்குதளம் கிடையாது, உடனே எழும்பும், திடீரென்று கரண்ட் போனாலும் கெட்டுப்போக அதிகம் இல்லை. களத்தில் நிற்கும் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு இதற்கு மேல் தேவையில்லை என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இப்போது கமரா வைக்கிறோம் என்று வையுங்கள். ஒரு படம் 300 கிலோபைட், ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. நாளுக்கு 86 மெகாபைட், மாதத்துக்கு இரண்டரை ஜிபிக்கு மேல். எட்ஜ் கணினி இங்கேதான் தன் சம்பளத்தை உழைக்கிறது. படத்தை அங்கேயே படித்து, அளவுகோலில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று கண்டுபிடித்து, எண்ணை மட்டும் அனுப்பலாம். இதற்கு முழு இயங்குதளம் ஓடும் சின்னக் கணினிப் பலகையான ராஸ்பெர்ரி பை 4 போதும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் என்றால் ஒரு படத்துக்குச் சில விநாடி எடுத்தாலும் யாருக்கும் நட்டமில்லை. படமெடுத்து அனுப்புவது மட்டும் வேலை என்றால் 512 எம்பி நினைவகம் உள்ள பை சீரோ 2 டபிள்யூவே செய்யும்.

2023 இல் வந்த பை 5 வேகமானது. நேரம் காக்கும் கடிகாரம் பலகையிலேயே இருக்கிறது, பற்றரி மட்டும் போட வேண்டும். ஆனால் முழு வேலைக்கு 5 வோல்டில் 5 அம்பியர் கேட்கும். சோலாரில் ஓடும் பெட்டிக்கு அதை நான் போடமாட்டேன். ஜெட்சன் ஓரின் நானோ போன்றவை ஓயாமல் ஓடும் வீடியோவுக்கானவை: காலி வீதிச் சந்தியொன்றில் பல கமராக்களை வைத்து வாகனம் எண்ணுவது போன்ற வேலை. அதற்கு நிலையான கரண்ட் லைன் இருக்க வேண்டும். இடைப்பட்ட வழியும் உண்டு. பை 4 இல் யூஎஸ்பி வழியாகச் செருகும், படம் படிக்கும் கணிப்பை வேகமாக்கும் கோரல் முடுக்கி, ஏறத்தாழ 2 வாட்டில் 4 டாப்ஸ் (விநாடிக்கு 4 இலட்சம் கோடி கணிப்பு) வேகம் தரும்.

பழைய போனைப் பெட்டிக்குள் வைத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கமரா, மோடம், பற்றரி எல்லாம் ஒன்றாகக் கிடைப்பதால் ஆசையாகத்தான் இருக்கும். இரண்டு கிழமைச் சோதனைக்கு வையுங்கள். வருடக்கணக்கில் வைக்க வேண்டாம். மூடிய பெட்டியின் சூட்டில் ஓயாமல் சார்ஜ் ஏறினால் பற்றரி உப்பிவிடும்.

5. கரண்ட்: இங்கே நேரம் செலவழியுங்கள்

கரண்ட் லைன் இருக்கிறது என்றாலும் பற்றரி வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு வந்தது யாருக்கும் மறந்திருக்காது. மற்ற வருடங்களிலும் பெரிய மழையில்தான் கரண்ட் போகும், தண்ணீர் ஏறுவதும் அதே மழையில்தான்.

ஈஎஸ்பி32 கணக்கு இது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழும்பி 10 விநாடி வேலை செய்கிறது, அப்போது 100 மில்லி அம்பியர் இழுக்கிறது. நாளுக்கு 288 தடவை, மொத்தம் 48 நிமிடம், 80 மில்லி அம்பியர் மணி. தூங்கும் நேரத்தில் சிப் மட்டும் என்றால் மைக்ரோ அம்பியரில்தான் இழுக்கும். ஆனால் சந்தையில் கிடைக்கும் பலகைகளில் விளக்கும் யூஎஸ்பி சிப்பும் சேர்ந்து மில்லி அம்பியர் கணக்கில் இழுப்பவை உண்டு. 1 மில்லி அம்பியர் என்று வைத்தால் நாளுக்கு இன்னொரு 24. ஆக 104. 18650 என்னும் உருளை வடிவ லித்தியம் பற்றரி நல்லது ஒன்றில் 2000 மில்லி அம்பியர் மணியை நம்பி எடுக்கலாம். வெயிலே படாமல் 19 நாள். உள்ளங்கையளவு பேனலோடு இது வருடக்கணக்கில் ஓடும்.

பை 4 இன் கணக்கு வேறு. சராசரி 4 வாட், நாளுக்கு 96 வாட் மணி. மூன்று நாள் இருட்டுக்குத் தாங்க 288 வாட் மணி வேண்டும். பற்றரியின் 80 வீதத்தை மட்டும் பாவிப்பதென்றால் 360. பன்னிரண்டு வோல்ட் லித்தியம் இரும்பு பொஸ்பேட்டில் அது 30 அம்பியர் மணி பற்றரி. பேனலுக்கு மழைக்கால நாளொன்றில் இரண்டரை மணி நேரம் நல்ல வெயில் என்று வைத்து, 30 வீதம் இழப்பைக் கழித்தால் குறைந்தது 55 வாட். நான் 80 போடுவேன். வெயில் மாதத்தைப் பார்த்துப் பேனல் வாங்கியவர்களுடைய பெட்டி ஜூனில் படுத்துவிடும்.

இதே பை 4 ஐ நேரக் கட்டுப்பாட்டுப் பலகை ஒன்றோடு சேர்த்து 15 நிமிடத்துக்கு 2 நிமிடம் மட்டும் எழுப்பினால் 96 என்பது 13 வாட் மணியாகக் குறையும். எல்லாமே ஏழில் ஒரு பங்காகிவிடும். பெரிய பேனல் வாங்க முன் இந்த வழியைப் பாருங்கள். பாலத்தில் 80 வாட் பேனல் கள்வர் கண்ணுக்கும் தெரியும்.

சாதாரண லித்தியம் அயன் பற்றரியை 45 பாகைக்கு மேல் சார்ஜ் பண்ணக்கூடாது. வெயிலில் நிற்கும் மூடிய பெட்டி அதைச் சுலபமாகத் தாண்டும். பற்றரியைப் பெட்டியின் அடியில், நிழல் பக்கமாக, பலகையிலிருந்து தள்ளி வையுங்கள்.

6. எண் எப்படி வீடு வந்து சேரும்

ஒன்றிரண்டு பெட்டி என்றால் ஒவ்வொன்றிலும் 4ஜி மோடமும் சிம்மும் வைப்பதே லேசு. மோடம் அனுப்பும் கணத்தில் 2 அம்பியர் வரை இழுக்கும். மெல்லிய வயரில் அந்த நேரம் வோல்ட் விழுந்து பலகை மறுபடி தொடங்கும். மோடமுக்குத் தனி வயர் கொடுங்கள். மலிவு என்று 2ஜி மட்டும் உள்ள மொடியூலை இப்போது வாங்க வேண்டாம். சாதாரண சிம்முக்கு வெளியிலிருந்து தொடர்பு கொள்ளக்கூடிய முகவரி பெரும்பாலும் கிடைக்காது. ஆகவே பெட்டிதான் சேர்வரைக் கூப்பிட வேண்டும்: வாசிப்புகளுக்கு எம்க்யூடிடி என்னும் சின்னச் செய்தி அனுப்பும் முறை, நீங்கள் உள்ளே போய்ப் பார்க்க வயர்கார்ட் என்னும் பாதுகாப்பான தனி இணைப்பு.

பெட்டிகள் ஐந்து, பத்து என்று கூடினால், குறைந்த மின்சக்தியில் தூரம் போகும் வானலை முறையான லோராவுக்கு மாறுங்கள். உயரமான மாடியில், எல்லாப் பெட்டிகளின் சிக்னலையும் வாங்கி இணையத்தில் சேர்க்கும் ஒரு கேட்வே, கீழே சின்னப் பெட்டிகள். வெட்டவெளியில் பல கிலோமீற்றர் போகும் சிக்னல், வெள்ளவத்தையின் மாடிக் கட்டடங்களுக்கு நடுவே ஒன்றிரண்டு கிலோமீற்றர் போனாலே நல்லது. ஐரோப்பாவுக்கு 868, அமெரிக்காவுக்கு 915 மெகாஹேர்ட்ஸ் என்று அலைவரிசை வேறுபடும். ஓடர் கொடுக்க முன் நம் நாட்டில் எது அனுமதி என்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் கேட்டுவிடுங்கள். வானலைக் கருவியை அனுமதியில்லாமல் வரவழைத்தால் சுங்கத்திலேயே நின்றுவிடலாம்.

நாங்கள் கேட்வே வைத்த மாடி வீட்டு அன்ரி முதல் நாள் கேட்டார்: "தம்பி, இது ஏதும் கதிர் விட்டு ஆக்களுக்கு வருத்தம் கொண்டு வருமோ?" நியாயமான கேள்வி. "உங்கட கையில இருக்கிற போனைவிடக் குறைஞ்ச சக்திதான் அன்ரி, அதுவும் எப்பவாவது ஒருக்கா" என்று உட்கார்ந்து விளங்கப்படுத்தினேன். இப்போது கேட்வேயின் விளக்கு அணைந்திருந்தால் முதலில் கோல் எடுப்பவர் அவர்தான்.

7. பெட்டி

தூசியும் தண்ணீரும் புகாத தரமான ஐபி67 என்று அச்சடித்த பெட்டியை வாங்கிவிட்டு, அதில் நாலு ஓட்டை போட்டால் அது பிறகு ஐபி67 ஆக இருக்காது. ஓட்டைகளைக் கீழ்ப்பக்கம் மட்டும் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் வயரின் தடிப்புக்கு ஏற்ற ரப்பர் உள்ள கேபிள் கிளாண்ட், அதாவது வயரை இறுக்கித் தண்ணீரைத் தடுக்கும் திருகு மூடி. வயர் பெட்டிக்குள் நுழைய முன் ஒரு தரம் கீழே வளைந்து மேலே வரட்டும். மழைத்தண்ணீர் அந்த வளைவிலிருந்து சொட்டிவிடும்.

வெளித்தண்ணீரைத் தடுத்தாலும் உள்ளே வியர்க்கும். பகலில் சூடாகும் காற்று விரிந்து வெளியே போகும், மாலை மழையில் குளிர்ந்ததும் ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். காற்றை விட்டுத் தண்ணீரைத் தடுக்கும் சவ்வு பூட்டிய மூச்சுத் துளை ஒன்று கிடைக்கிறது, அதைப் போடுங்கள். சிலிக்கா ஜெல்லும் வையுங்கள், நிறம் மாறுவதை. பலகைக்கு ஈரம் தடுக்கும் பூச்சு அடியுங்கள். இணைப்பான் ஊசிகளுக்குப் பூச்சு படாமல் முதலே ஒட்டுப் பட்டி ஒட்டிவிட்டு. கடலோர ரயில் பாதைப் பக்கம் என்றால் உப்புக்காற்று எல்லாவற்றையும் தின்னும். ஆணி, பட்டி எல்லாம் 316 தரத் துருப்பிடிக்காத எஃகு. இணைப்பான் திருகி இறுக்கும் நீர்புகா வகை. பச்சை பிடித்த அந்த இரண்டு ஊசிக்குப் பிறகு நான் வேறு வகையைத் தொடவில்லை.

வெள்ளை அல்லது இளஞ்சாம்பல் பெட்டி, அதற்கு மேல் இரண்டு விரல் இடைவெளி விட்டு ஒரு கூரைத் தகடு. ராஸ்பெர்ரி பை, சூடு 80 பாகையைத் தொட்டதும் தானாக வேகத்தைக் குறைக்கும். பயன்படாத ஓட்டை எதையும் பல்லியும் எறும்பும் நுழையத் திறந்து விடாதீர்கள்.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பர் மாலைகளிலும் இடி மின்னல் அதிகம். நீளமான வயர் எதற்கும் மின்னெழுச்சிப் பாதுகாப்பும் சரியான எர்த்தும் கட்டாயம்.

8. மென்பொருளில் நாலு விடயம்

வாசிப்பு முதலில் பெட்டியிலேயே எழுதப்பட வேண்டும், பிறகு அனுப்பப்பட வேண்டும். அனுப்பியதைச் சேர்வர் ஏற்றுக்கொண்ட பிறகே "அனுப்பியாச்சு" என்று குறிக்க வேண்டும். எஸ்க்யூலைட் என்னும் சின்னத் தரவுத்தளக் கோப்பு ஒன்று இதற்குப் போதும்.

ராஸ்பெர்ரி பையில் மெமரி கார்ட்டின் இயங்குதளப் பகுதியை வாசிக்க மட்டும் என்று பூட்டிவிடுங்கள். அதன் அமைப்பு மெனுவிலேயே அந்த வசதி இருக்கிறது. தரவுக்குத் தனிப் பகுதி அல்லது யூஎஸ்பி எஸ்எஸ்டி. வாட்ச்டாக் என்னும் காவல் கடிகாரத்தை இயக்குங்கள். நிரல் உறைந்தால் அது பலகையை மறுபடி தொடக்கும்.

பை 4 இல் கடிகாரம் கிடையாது. சிக்னல் இல்லாமல் எழும்பினால் பழைய திகதியைப் போட்டு எழுதும். டிஎஸ்3231 கடிகார மொடியூல் வருடத்துக்கு ஒரு நிமிடம் அளவுதான் பிசகும், விலையும் குறைவு. நேரத்தை உலகப் பொது நேரமான யூடிசியில் எழுதுங்கள், பார்க்கும்போது ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளலாம். இலங்கை 1996 இல் இரண்டு தடவையும் 2006 இல் ஒரு தடவையும் கடிகாரத்தை மாற்றியது. உள்ளூர் நேரத்தில் மட்டும் எழுதிய பழைய பதிவுகளை இன்று வாசிப்பவர் ஒவ்வொரு தடவையும் அதைக் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது.

கமராவில் ஆட்களின் முகம் விழுமென்றால் 2022 இன் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நினைவில் வையுங்கள். படத்தைப் பெட்டியிலேயே படித்து அழித்துவிடுவது இதற்கும் நல்லது.

9. வாங்கும்போது

சில்லறைப் பாகங்களுக்குப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு, கணினிப் பொருட்களுக்குப் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா. 18650 பற்றரியில் 9900 மில்லி அம்பியர் மணி என்று போட்டிருந்தால் அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். அந்த அளவில் நல்லதே 3500 அளவில்தான் நிற்கும். மெமரி கார்ட்டை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் எஃப்3 என்ற நிரலால் முழுக்க எழுதி வாசித்துப் பாருங்கள், போலிக் கார்ட் அதில் பிடிபடும். எல்லாவற்றிலும் ஒன்று கூட வாங்குங்கள். பழுதானது எது என்று களத்தில் நின்று கண்டுபிடிக்க ஒரே வழி, நல்லதைச் செருகிப் பார்ப்பது.

10. மொட்டைமாடி, பிறகு பாலம்

கட்டி முடித்த பெட்டியை இரண்டு கிழமை மொட்டைமாடியில் வெயிலுக்கும் மழைக்கும் விடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே இருபது தடவை கரண்ட்டைப் பிடுங்குங்கள். சிம்மைக் கழற்றி ஒரு நாள் விட்டு மறுபடி போட்டு, இடையில் உள்ள வாசிப்பு எல்லாம் வந்து சேருகிறதா என்று எண்ணிப் பாருங்கள். தோட்டக் குழாயால் பத்து நிமிடம் தண்ணீர் அடியுங்கள். உள்ளே ஒரு டிஷ்யூ வைத்து அடித்தால் ஈரம் எங்கே வந்தது என்று தெரியும்.

பூட்டும் நாளுக்கு முன் செய்ய வேண்டிய ஒன்று இந்த ஊருக்கே உரியது. கொழும்பில் பாலத்துக்குக் கீழே வயர் தொங்கும் பேர் தெரியாத பெட்டியைப் பார்த்தால் ஆட்கள் பயப்படுவார்கள். இந்த நகரம் பட்டதை நினைத்தால் அந்தப் பயத்தைக் குறை சொல்லவே முடியாது. பெட்டியின் முகப்பில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் பெரிய எழுத்தில் "நீர்மட்டம் அளக்கும் கருவி" என்று எழுதி, நிறுவனப் பெயரும் தொலைபேசி இலக்கமும் போடுங்கள். கிராம உத்தியோகத்தரிடமும் கிட்டிய பொலிஸ் நிலையத்திலும் அனுமதிக் கடிதத்தின் பிரதியைக் கொடுங்கள். பக்கத்துக் கடைக்காரருக்கும் திறந்து காட்டுங்கள்.

பெட்டிக்குப் பக்கத்தில், கரையிலிருந்து வாசிக்கக்கூடியதாகப் பெயின்ட் அளவுகோல் ஒன்றையும் பூட்டுங்கள். முதல் மாதம் கிழமைக்கு ஒரு தரமும் அப்புறம் மாதம் ஒரு தரமும் போய், கண்ணால் பார்த்த மட்டத்தையும் நேரத்தையும் கொப்பியில் எழுதிக் கருவியின் எண்ணோடு ஒப்பிடுங்கள். ஏப்ரல் கடைசியில், தென்மேல் பருவமழைக்கு முன், ஒரு தடவை பெட்டியைத் திறந்து சிலிக்கா ஜெல்லை மாற்றி, இணைப்பான் ஊசிகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பேனலைத் துடையுங்கள். செப்டெம்பர் கடைசியில் இன்னொரு தடவை. போகும்போது பையில் ஒரு மாற்று இணைப்பான், ஒரு மாற்றுக் கார்ட், ஒரு துணி.